மரியாதைச் சோறு

பந்தியில் போதும் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் பரிமாறுகிறவர் புரிந்துகொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சைகை அது. பக்கத்துக் கடை அக்கா அதைச் செய்து நான் வெகு காலம் பார்த்ததில்லை. எத்தனை கரண்டி விழுந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். ரசம் முடிந்த பிறகு யாராவது மறுபடியும் சாம்பாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அதற்கும் சோற்றில் குழி செய்து கொடுப்பார். பசி என்று நினைத்தால் தப்பு. வைக்கிறவர் கையை வெறுங்கையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

அரியலூர் கடைத்தெருவில் எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரே சுவர். எனக்கு ஜெராக்ஸ் மெஷினும் கம்ப்யூட்டரும், அவருக்குத் தையல் மெஷினும். நான் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஷட்டரைத் தூக்கும்போது, தா.பழூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வரும் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். ஆள் நல்ல பருமன். முட்டி வலிக்காக மெஷினுக்கு மோட்டார் போட்டிருந்தார். "என் ஒரு ஜாக்கெட்டுத் துணியில ரெண்டு காலேஜ் பொண்ணுங்களுக்குத் தெச்சுரலாம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்லும்போது சிரிக்கலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவருக்குக் கணவர் இல்லை. ஒரே மகன் திருப்பூரில் வேலை பார்த்தான். அக்கா குடியிருந்தது தம்பி வீட்டில். தம்பி என்னைவிட இளையவன், சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டினான். பிரஷர் இருந்திருக்கிறது, தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறான். கால் வீங்கிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்தியிருந்தன. அதற்குப் பிறகு வாரத்தில் சில நாள் அரியலூரிலேயே டயாலிசிஸ். கிட்னி கொடுக்கத் தம்பி மனைவிக்கு இரத்த வகை சேரவில்லை. அக்காவுக்குச் சேர்ந்தது. திருச்சி டாக்டர் எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, கொடுக்கலாம், ஆனால் இந்த எடையோடு ஆபரேஷன் மேஜையில் படுக்க வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஒரு கிட்னியோடு மிச்ச வாழ்நாளை ஓட்டப்போகிற உடம்பு இது, எடையை இறக்கிக்கொண்டு வாருங்கள், இறக்கினது நிற்கவும் வேண்டும் என்றார். அன்று திருச்சியிலிருந்து திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தவர், "எங் கொழுப்புக்கும் அவன் உசுருக்கும் முடிச்சுப் போட்டுட்டாங்க பாப்பா" என்றார். என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண் இருந்தாள்.

முதலில் அவர் செய்தது எல்லோரும் செய்கிற முட்டாள்தனம். கொள்ளுத் தண்ணீரும் வெள்ளரிக்காயும் மட்டும் என்று ஆரம்பித்தார். சில நாளிலேயே மெஷின் மேல் தலை சாய்ந்து விழுந்தார். ஊசி கட்டைவிரல் நகத்தில் இறங்கியிருந்தது. நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். திருச்சி ஆஸ்பத்திரியில் உணவுக்கு ஆலோசனை சொல்லும் பெண் அடுத்த முறை அவரைக் கொஞ்சம் கண்டித்தே பேசினாளாம். எதையும் அடியோடு விட வேண்டாம், சோறு பாதி, காய் இரண்டு மடங்கு, பருப்போ முட்டையோ தினமும், சாப்பிட்டது எல்லாவற்றையும் போனில் கலோரிக் கணக்காகப் பதிய வேண்டும், சாகிற வரை இப்படிச் சாப்பிட முடியுமா என்று உங்களையே கேளுங்கள், முடியாது என்றால் அதை ஆரம்பிக்காதீர்கள் என்றாளாம். தண்ணீருக்கு மட்டும் கணக்கே கிடையாது, வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அக்காவின் முகம் சுருங்கியது. தம்பிக்குத் தண்ணீர்தானே கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அதற்குள் காபி, குழம்பு, மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அடக்கம்.

போனில் அந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொடுத்தது நான். அதற்கு இட்லி தெரிந்தது, கேழ்வரகுக் களி தெரியவில்லை. பழைய சோறு என்று போட்டால் என்னென்னவோ காட்டியது. ஒவ்வொன்றையும் தேடி நாங்களே சேர்த்தோம். அக்கா வீட்டில் ஒரு டம்ளரைச் சோற்றுக்கென்று ஒதுக்கிவிட்டார். அதில் தலைதட்டிப் போட்டால் அதுதான் அந்த வேளை. எண்ணெயைக் கரண்டியில் எடுத்தார். தோட்டத்து முருங்கைக்கீரை, சுரைக்காய், அவரைக்காய் என்று தட்டு நிறம் மாறியது. "அளவெடுக்காம துணியில கத்திரி வெப்பனா? இத்தன வருசம் வயித்துக்கு மட்டும் அளவெடுக்காம விட்டுட்டேன்" என்பார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாணவி பரீட்சை எழுதுவதைப் போல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். கணக்கு தினமும் சுத்தமாக இருந்தது. எடை அசையவில்லை.

திருச்சிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அங்கே உணவு ஆலோசனை சொன்ன பெண்ணுக்கே குழப்பம். தைராய்டு பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. எனக்குப் போன் மேல் சந்தேகம். அக்கா பொய் எழுதுகிறவர் இல்லை, அதை நான் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் காதுகுத்து. வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அக்காதான் தைத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுக்க நானும் துணைக்குப் போனேன். அந்த வீட்டில் கேசரியும் வடையும் காபியும் வைத்தார்கள். வழியில் இன்னொரு பழைய வாடிக்கைக்காரர் வீட்டில் சுண்டலும் டீயும். பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தெரிந்த அம்மாள் ஒருத்தி அதிரசத்தைக் கையில் திணித்தார். அக்கா எல்லாவற்றையும் சாப்பிட்டார். கடைக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியை எடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை இட்லியும் மதியத்து ஒரு டம்ளர் சோறும் கீரையும் மட்டும் பதிந்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கேசரி எங்கேக்கா என்று கேட்டேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"அது நானாவா சாப்புட்டேன்? அவங்க மரியாதைக்கு வெச்சாங்க, நான் மரியாதைக்குச் சாப்புட்டேன். அத எப்படிப் பாப்பா சோத்துக் கணக்குல சேக்குறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது அக்கா என்றேன். அவர் சிரிக்கவில்லை. தையல்காரிக்கு மாதத்தில் எத்தனை வீடு, எத்தனை சடங்கு, எத்தனை வளைகாப்பு என்று அவர் மனதுக்குள் கூட்டுவது முகத்தில் தெரிந்தது. அதுவரை போன மாதங்களையும் அவர் அப்போது கூட்டியிருக்க வேண்டும். "அய்யய்யோ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசிப்பெட்டியை மூடினார்.

வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அவர் ஒரு கதையைச் சொன்னார். கொக்கி தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். அவருடைய அம்மா உடையார்பாளையம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டுக்காரர் குடும்பத்தில் கூலி வேலை செய்தவர். ஒரு மழை நாளில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஆள் கூப்பிட வந்து, மழை வலுக்கவே இவர்கள் வீட்டு வாசலில் ஒதுங்கினார். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. யாராவது வந்தால் கொடுக்க என்று வாங்கி, யாரும் வாய் வைக்காத புது டம்ளர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் டீ போட்டுக் கொடுத்தார். "இப்பத்தான் குடிச்சேன்" என்று அந்த மனிதர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். மழை நிற்கும் வரை இருந்தார். டீயில் ஏடு படிந்தது. அவர் போன பிறகு அம்மா டீயை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த மொகம் எனக்கு இன்னம் மறக்கல. நம்மளால ஒருத்தருக்கு அந்த மொகம் வரக்கூடாதுன்னு அன்னிக்கே நெனச்சுக்கிட்டேன். நான் எங்க போயி வேண்டாம்னு சொல்லுவேன், சொல்லு" என்றார்.



டயாலிசிஸ் நடக்கும் அறைக்கு வெளியே ஒரு எடை மெஷின் இருந்தது. உள்ளே போகும்போது தம்பி அதில் ஏறுவான், முடிந்து வரும்போது மறுபடியும் ஏறுவான். ஏறியிருப்பது தண்ணீர், இறக்குவதும் தண்ணீர். அவன் இறங்கியதும் அக்கா ஏறிப் பார்ப்பார். நர்ஸுக்கு இது பழகிப்போய் இரண்டு பேர் எடையையும் சேர்த்தே வாசிப்பாள். ஒரு நாள் நானும் கூட இருந்தேன். வெயில் கொளுத்தியது. தம்பியின் உதடு வெடித்திருந்தது. என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்குத் தண்ணி, எங்கக்காளுக்குச் சோறு. ரெண்டு பேரும் வாயக் கட்டிட்டுக் கெடக்குறோம்" என்றான். கேலியாகத்தான் சொன்னான். சிறிது நேரம் கழித்து, "எனக்குக் கிட்னி வெச்சதும் மொதல்ல ஒரு செம்புத் தண்ணி. மடக்கு மடக்கா இல்ல, அப்படியே அண்ணாந்து" என்றான். அக்கா அவன் தலையில் கை வைத்தார். அவனுக்கு எதிரில் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. வீட்டிலும் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து நின்றுதான் குடிப்பாராம், தம்பி மனைவி சொன்னாள்.

அக்கா வேண்டாம் என்று சொன்ன முதல் வீடு அந்த முந்திரிக்காட்டுக்காரர் வீடுதான். வேறு வீட்டில் பழகிவிட்டு அங்கே போயிருக்கலாம். அவருடைய குணம் அப்படி. பெரியவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. மருமகள் வீட்டை நடத்தினார், நல்ல மாதிரியான மனுஷி. அக்காவை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைப்பார், கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார். பேத்தி கல்யாணத்துக்கு ஜாக்கெட் கொடுக்கப் போயிருந்தோம். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்று பஸ்ஸிலேயே நான் சொல்லிக்கொடுத்தேன். அக்கா தலையை ஆட்டிவிட்டார். அந்தப் பொய்யைத்தானே அந்தப் பெரியவர் எங்கள் வீட்டு வாசலில் சொன்னார், அதை நான் சொல்ல மாட்டேன் என்றார்.

தட்டு வந்தது. முந்திரிக்கொத்து, நெய் வழியும் கேசரி. அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேண்டாம்மா" என்றார்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வருவது என்றால் அந்த வீட்டோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். சண்டைக்காரர்கள்தான் அப்படிச் செய்வார்கள். "ஏன், எங்க வூட்டுல கை நனைக்க மாட்டியா?" என்று கேட்டார்.

அக்கா இரண்டு கையையும் கூப்பினார். "அப்படி இல்லம்மா. எந் தம்பிக்கு ஒரு கிட்னி குடுக்கணும். ஒடம்பக் கொறச்சுட்டு வான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இத்தன நாளு மொகத்துக்காகத் தின்னு தின்னு அவன் நாளத் தின்னுட்டேன். இனிமே முடியாதும்மா, மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோபம்தான் என்று நினைத்தேன். மோர் கொண்டுவந்து வைத்தார். அக்கா இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, பாதியை அதில் ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு மீதியைக் குடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஊர் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"எங்கம்மா இந்த வூட்டுக் கொல்லையில எத்தன வருசம் கஞ்சி வாங்கிக் குடிச்சிருக்கு. ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்குமா? பசிச்சவ எங்க வேண்டாம்பா. எங்க வம்சத்துல இந்த வூட்டுச் சாப்பாட்ட வேண்டாம்னு சொன்ன மொதோ ஆளு நாந்தான் பாப்பா."

பெருமையாகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டவர் குரல் அது. அன்று மாலை அரை டம்ளர் மோரைக் கணக்கில் பதிந்தார்.

அதற்குப் பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. மளமளவென்று இல்லை. இறங்கும், சில வாரம் அப்படியே நிற்கும், தீபாவளிக்குக் கொஞ்சம் ஏறும், மறுபடியும் இறங்கும். சாயங்காலம் கடையை மூடிவிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துபோய் வந்தார். மறுக்கவும் பழகிக்கொண்டார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மீதியை அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டிவிடுவார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சர்க்கரை வந்துவிட்டது, சீக்கு, பணக்கார வாடிக்கை பிடித்ததும் நம் வீட்டுச் சோறு பிடிக்கவில்லை என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அக்கா தன் ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே மடிந்த மிச்சத் துணியை மட்டும் வெட்டவில்லை. உடம்பு எப்போது திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும் என்பார். மடிப்பின் மேல் மடிப்பாகத் தையல் விழுந்து, அந்த ஜாக்கெட்டுகளின் ஓரம் தடித்துப்போய்க் கிடந்தது.

திருச்சியில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றார்கள். மறுபடியும் சோதனை எடுக்க நாள் கொடுத்தார்கள். அந்த நாள் வருவதற்கு முன்னால் ஒரு விடியற்காலையில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே அவன் இல்லை. இதயம் தாங்கவில்லை என்றார்கள். டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டாம்.

சாவு வீட்டில் ஒரு பங்காளிப் பெண், முன்னாடியே உடம்பைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பானே என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். அவளை எழுப்பி வெளியே தள்ள வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அக்கா காதில் விழுந்தது. அவர் அதற்கு அழவில்லை. மரியாதைச் சாப்பாட்டில் போன அந்த மாதங்கள் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம்கூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரால் சொல்ல முடியும்?

மிச்சமிருந்த மருந்துகளை வேறு யாருக்காவது கொடுக்கட்டும் என்று சில நாள் கழித்து அந்த டயாலிசிஸ் அறைக்கு அவரைக் கூட்டிப்போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பழக்கத்தில் எடை மெஷினில் ஏறிவிட்டார். நர்ஸும் பழக்கத்தில் வாசித்துவிட்டாள். வாசித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. டாக்டர் கேட்ட எடைக்கு அக்கா வந்திருந்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, அங்கே சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கருமாதி அன்று படையலை அக்காவேதான் போட்டார். அவனுக்கு ஆஸ்பத்திரியில் கூடாது என்று சொன்னது எல்லாம் அந்த இலையில் இருந்தது. வாழைப்பழம், இளநீர், தக்காளி ரசம், உப்புப் போட்ட ஊறுகாய். நடுவில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர். விளிம்பு தளும்ப ஊற்றியிருந்தார். கற்பூரம் காட்டி எல்லோரும் கும்பிட்ட பிறகு குனிந்து, "இனிமே அளவு இல்லடா. குடி" என்றார். தம்பி மனைவி தாங்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு பந்தி. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா முறைக்காரர் ஒருவர் பரிமாறினார். அக்கா இலையில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. அடுத்த கரண்டியை அவர் எடுத்தபோது அக்கா இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். அந்தச் சைகையை அவர் கையில் அன்றுதான் பார்த்தேன். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இனி யாருக்காக வாயைக் கட்டுகிறாய் ஆயி, அவனே போய்விட்டான், வயிறார ஒரு வாய் சாப்பிடு என்று கரண்டியோடு நின்றார். அக்கா கையை எடுக்கவில்லை.

"அவனுக்குக் குடுக்கணும்னு எறக்குன ஒடம்பு சித்தப்பா. குடுக்கத்தான் முடியல. மறுபடி ஏத்திக்கிட்டா, அவன் எதுக்காகக் காத்துக் கெடந்தான்?"

சித்தப்பா அடுத்த இலைக்குப் போனார். அக்கா இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவி வந்து படையல் முன்னால் நின்றார். இலையில் சோறு காய்ந்திருந்தது. செம்பில் தண்ணீர் ஊற்றிய அளவு குறையாமல் தளும்பி நின்றது. அக்கா அதைச் சற்று நேரம் பார்த்தார். ஊற்றுவதற்கு முருங்கை மரம் வாசலில்தான் நின்றது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. செம்பை இரண்டு கையாலும் எடுத்து, கூட்டத்துக்கு நடுவில் நின்று, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.